ஒரே வீட்டிலிருந்து இரண்டு தபால்

ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இருப்பதாகத்தான் எழுதுவாய், உன் குடும்பத்து ரத்தம் அப்படி. ரப்பர் கையுறை போட்டுப் போட்டு உன் விரலில் வந்த அரிப்பு போய்விட்டதா? ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள், உன் கையையும் கொஞ்சம் கவனி.

என்னடா இது, அண்ணி கடிதமெல்லாம் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? ஃபோனில் பேசினால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். செய்தி அனுப்பினால் வீட்டு டேப்லட்டில் வந்து குதிக்கிறது, பிள்ளைகள் சத்தம்போட்டு வாசிக்கிறார்கள். இது உன் அண்ணன் காதில் விழக்கூடாத விஷயம். பதிலை டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கே எழுது.

விஷயம் இதுதான். என் முதுகு என்னைக் கைவிட்டுவிட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சு போச்சு மேடம். கார் வேலையை விட்டுடுங்க" என்றார். புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதினாலு வருஷமாகக் குலுங்குகிறேன். அவர்கள் கிளட்சை விடுகிற அழகுக்கு இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம். முதலாளியிடம் ஆபீஸில் ஒரு வேலை கேட்டேன். "அங்க இருக்கிறதே ஒரு வேலை மேடம், அதையும் என் மச்சான் பார்க்கிறான்" என்று கையை விரித்துவிட்டார். ஜூன் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் காரில்தான். போடாவிட்டால் சும்மாதான்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், சிரிக்காதே. ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் வந்து சரிசெய்கிறார்களே, நெட் வரவில்லை என்றால் ஃபோனிலேயே வழி சொல்கிறார்களே, அந்த வேலைக்குப் போகப்போகிறேன். வீட்டிலிருந்தே நாமாகவே படித்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கினால் போதுமாம். ஜூன் முடிவதற்குள் வாங்கியாக வேண்டும்.

உன் அண்ணனே அந்த வேலைதானே பார்க்கிறார், அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். கேட்காதே! கல்யாணமான புதிதில் எனக்கு எக்செல் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் நாள் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். பிறகு நான் அவருக்குக் கார் சொல்லிக்கொடுத்தேன். முதல் ரவுண்டானாவிலேயே எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். எங்கள் இல்லறம் நன்றாக இருக்கிறது என்றால், ஒருவருக்கொருவர் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்ற ஒரே காரணத்தால்தான். நான் படிப்பது தெரிந்தால் "தள்ளு, நான் காட்டுறேன்" என்று வந்து உட்காருவார். அதோடு என் படிப்பும் போச்சு, நிம்மதியும் போச்சு.

வாயைத் திறக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னை நம்பி,
அண்ணி


ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அரிப்பு போய்விட்டது, இப்போது தும்மல். உங்கள் முதுகை நினைத்துத்தான் மனசு கனத்துப்போனது. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கொடுக்க மாட்டீர்கள். "நேரமில்லை" என்பீர்கள்.

சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். ரவுண்டானா வரும்வரை சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு லேபில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டேன். அண்ணன் நடந்து வந்த கதையை எங்களிடம் "காத்து வாங்கப் போனேன்" என்று அளந்திருந்தான்!

உங்களால் முடியும் அண்ணி. எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்த்துச் சேருங்கள். இந்த மாதிரிப் படிப்புகளை விற்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் கூவுகிறார்கள். என்னோடு வேலை பார்க்கிறவள் ஒன்றில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டாள். சந்தேகம் கேட்க ஆளில்லையாம், செவிட்டுச் சுவரோடு படித்த மாதிரி இருந்ததாம்.

அண்ணன் எப்படி இருக்கிறான்? நெஞ்செரிச்சல் குறைந்ததா? பிள்ளைகளுக்கு என் முத்தம்.

வாயைப் பூட்டிக்கொண்ட,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

தும்மல் நின்றதா? எங்கள் மூன்று பேருக்கும் சளி. உன் அண்ணனுக்கு வராது. சளிக்கே அவரைக் கண்டால் பயம்.

படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எப்படி என்று கேள்.

நாலு பேரைப் பொறுக்கி வைத்திருந்தேன். முதலாவதில் பாடம் நடத்துகிறவர் முடியைக் கோதிக் கோதியே நேரத்தைக் கழிக்கிறார். இரண்டாவது, "எங்களிடம் படித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தேர்ச்சி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கதையெல்லாம் என்னிடமா? எங்கள் தொழிலே அதுதானே! நிச்சயம் பாஸ் ஆகிறவனை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பி, மற்றவனை "இன்னும் நாலு கிளாஸ் வாங்க" என்று நிறுத்திவைத்தால் எந்த ஸ்கூலுக்கும் தொண்ணூற்றொன்பது வரும். மூன்றாவதில் சேர்ந்தால் முதுகுப்பை இலவசமாம். என் முதுகு இருக்கிற லட்சணத்துக்குப் பை வேறு.

யோசித்துப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூலை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? காரைப் பார்க்காதே, விளம்பரத்தைப் பார்க்காதே. நீ தப்பு பண்ணும்போது பக்கத்தில் இருக்கிறவர் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார், அவ்வளவுதான். அதையே செய்தேன். நாலு இடத்துக்கும் ஒரே அசட்டுக் கேள்வியை அனுப்பினேன்: "கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போச்சு. சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துப் போடலாமா? ஏதாவது வெடிக்குமா?"

ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பினார். ஒருவர் மூன்றாம் பாடத்தைப் படிக்கச் சொன்னார். நாலாவது இடத்திலிருந்து வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "எதுவும் வெடிக்காது, பதற வேண்டாம். இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும், கேட்டதற்கு நன்றி. முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்." கீழே பெயர் இல்லை, "உதவி மேசை" என்று மட்டும். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில்.

நான் இங்கேதான் இருக்கிறேன்! அதைப் படித்ததும் எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. பதினாலு வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், "பக்கத்து சீட்டு" என்று வைத்திருக்கிறேன். உன் அண்ணனிடம் அந்த மனுஷருடைய பொறுமையில் ஒரு டீஸ்பூன் இருந்திருந்தால் நான் எக்செலில் எங்கேயோ போயிருப்பேன்.

மருந்து சாப்பிடு. நான் படிக்கப் போகிறேன்.

மாணவியான,
அண்ணி


பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். நெஞ்செரிச்சல் அப்படியே இருக்கிறது, பழகிவிட்டது. உன் தும்மலைப் பற்றி அண்ணி சொன்னாள். கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஃபோனில் பேச வீட்டில் மூலையே இல்லை. பதிலை என் ஆபீஸுக்கு எழுது.

உன் அண்ணியைப் பற்றித்தான் கவலை. முதுகு வலி இருக்கிறது, என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு தவணையாக இறங்குகிறாள். முதலில் கால், கொஞ்சம் கழித்து மீதி. வேலையை விடு என்று சொல்ல வாயெடுப்பேன், நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது பிரசங்கமாகக் கேட்கிறது. உன்னிடம் ஏதாவது சொன்னாளா? சொன்னால் எழுது.

ஆபீஸில் வேலை கூடிவிட்டது. இதுவரை கம்பெனிகளின் கம்ப்யூட்டர் புகார்களை மட்டும் பார்த்தோம். இப்போது வீட்டிலிருந்தே படிக்கிற கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றின் மாணவர்கள் சந்தேகங்களும் எங்கள் மேசைக்கே வருகின்றன. தமிழ்க் கேள்விகள் எல்லாம் என் தலையில். பெரும்பாலும் "விடை என்ன" என்றுதான் கேட்கிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வித்தியாசம். பெயர் "பக்கத்து சீட்டு". யாரோ பஸ்ஸில் போகிறவர் போல. "ஏன் அப்படி?" என்றுதான் கேட்கிறார். நான் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரியா என்று பார்க்கிறார். அவருக்குப் பதில் எழுதும்போது எனக்கே என் வேலை பிடிக்கிறது. கேள்வி வராத நாளில் சப்பென்று இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன், மூன்று முறையும் இருமல் வந்துவிட்டது. கடுமையான இருமல். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. இப்போது பரவாயில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான் சரியான படிப்பு. அதில் எனக்கு இப்போது உங்களைவிட அதிக நம்பிக்கை. அந்த உதவி மேசைக்காரரை விட்டுவிடாதீர்கள், கூச்சப்படாமல் எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்கக் கேட்க அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். என்ன இருந்தாலும் அவரும் ஒரு வீட்டில் யாருக்கோ வேண்டியவர்தானே.

அண்ணன் வீட்டில் எப்படி? ஆபீஸ் விஷயம் ஏதாவது பேசுகிறானா? சும்மா கேட்டேன்.

சுடுதண்ணீர் ஒத்தடம். மறக்காதீர்கள்.

இருமலோடு,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

இருமலுக்கு டாக்டரைப் பார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்துகொண்டு இருமுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். உன் அண்ணன் ஆபீஸைப் பற்றி என்ன பேசுவார்? "எப்படி இருந்தது?" என்றால் "இருந்தது" என்பார்.

போன மாதம் எனக்குப் பெரிய அடி. பாகங்கள், வயர்கள் எல்லாம் சுலபமாக ஏறின. நெட்வொர்க் பாடம் வந்ததும் தலை சுற்றிவிட்டது. மாதிரித் தேர்வு எழுதினேன், படுதோல்வி. எப்படிப்பட்ட தோல்வி என்றால், கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்திருந்தால்கூட இதைவிட அதிகம் வாங்கியிருப்பேன். அன்றைக்கு ஸ்கூலில் முதலாளி ஒப்பந்தக் காகிதத்தை மேசையில் வைத்து, "இப்பவே போட்டுடலாமே மேடம்" என்றார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், தெரியுமா? முதுகு போனால் போகட்டும், இந்த அவமானம் வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து உதவி மேசைக்கு எழுதினேன்: "நான் விட்டுவிடுகிறேன். இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி." பதில் வந்தது: "விடுவது உங்கள் விருப்பம். விடுவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்த பொருளை வைத்தே இதைச் சொல்லிப்பார்க்கிறேன்." கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன் என்று எழுதினேன். கூடவே, "முதல் நாள் வருகிறவர்களிடம், 'பயப்படாதே, உன்னைவிடக் கார்தான் பயந்துபோயிருக்கு' என்று சொல்வேன். இங்கே என் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பயமும் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது" என்றும் எழுதிவிட்டேன்.

அவ்வளவுதான், அன்றைக்குப் பதிலே இல்லை. மனுஷரைப் புண்படுத்திவிட்டேனோ என்று தூக்கமே வரவில்லை. மறுநாள் மதியம் வந்தது, பக்கம் பக்கமாக! ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி, வீட்டுக் கதவு எண் மாதிரி. ரூட்டர் என்பது சந்திப்பில் நிற்கிற போலீஸ்காரர். எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று கையைக் காட்டுவார், வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குக் கவலையில்லை. நெட் வரவில்லையா? எடுத்ததும் எஞ்சினைப் பிரிக்காதே, முதலில் தெருவில் இறங்கி எந்தச் சந்திப்பு வரை வண்டி போகிறது என்று பார். இப்படியே போகிறது. நான் அதைப் படித்துவிட்டு மாதிரித் தேர்வை மறுபடி எழுதினேன். பாஸ்! ஒப்பந்தக் காகிதம் இன்னும் முதலாளி மேசையிலேயே கிடக்கிறது. கிடக்கட்டும்.

இன்னொரு விஷயம், இது கவலை. உன் அண்ணன் நடத்தை சரியில்லை. சாயங்காலமானால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுகிறார். பாத்திரம் தேய்க்கிறார். நேற்று டி.வி. சத்தத்தைக் குறைத்தார், நான் சொல்லாமலே! ஏதோ தப்பு செய்துவிட்டுச் செய்கிற வேலை மாதிரி இருக்கிறது. நைசாக விசாரித்து எழுது.

குழப்பத்தோடு,
அண்ணி


ஏப்ரல் 5

அருமைத் தங்கைக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். திருடி! உனக்கு முன்பே தெரியும், இல்லையா? அதுதான் போன கடிதத்தில் "அந்த மாணவரைத் தங்கமாகப் பார்த்துக்கொள் அண்ணா" என்று எழுதினாயா?

"உன்னைவிடக் கார்தான் பயந்துபோயிருக்கு." இந்த ஒரு வரியை உலகத்தில் ஒருத்திதான் சொல்வாள். என்னிடம் ரவுண்டானாவில் சொன்னாள். திரையில் அதைப் படித்ததும் எழுந்துபோய் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் வந்து, "என்ன சார், நெஞ்சு வலியா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் எப்படி விளக்குவது? என் மனைவி என்னிடமே படிக்கிறாள், என்னிடமிருந்து மறைத்துப் படிக்கிறாள் என்றா?

முதலில் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு அவள் இத்தனை மாதம் கேட்ட கேள்விகளையெல்லாம் மேலேயிருந்து படித்தேன். எவ்வளவு புத்திசாலி இவள்! நான் சொல்லிக்கொடுத்த இரண்டாம் நாள் இவள் பெட்டியைக் கட்டினாள் என்றால், மக்கு யார் என்று இப்போது புரிகிறது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து எதையாவது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடுகிறது. அவள் கண் அப்படி. எதிராளி தப்பு செய்வதற்கு முன்பே கண்டுபிடிக்கிற கண். அதுதான் அவள் பிழைப்பு, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தக் கண் என் கையைப் பார்க்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. மறந்தது வெளியே தெரியக்கூடாது என்று கத்துகிறேன். அவ்வளவுதான் என் கோபம். எழுத்தில் அந்தக் கண் இல்லை. எழுத்தில் நான் நல்லவன்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும், சொல்லு. தேர்வுக் கேள்விகள் எங்களுக்குத் தெரியாது, அதனால் அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் மறைப்பது தப்பா? சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. முதுகு நினைவுக்கு வருகிறது, வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உதவி மேசை


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா,

நான் நலம். "இருமல்" போய்விட்டது. அது இருமலே இல்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஒரே வீட்டிலிருந்து எனக்கு இரண்டு தபால் வருகிறது, இரண்டிலும் ஒருவரையொருவர் பற்றியே எழுதியிருக்கிறது. லேபில் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

சொல்லாதே. தேர்வு முடியட்டும். ஜூனுக்குள் அண்ணி பாஸ் ஆக வேண்டும், இல்லாவிட்டால் டிரைவிங் ஸ்கூலின் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார், அந்த முதுகு மூன்று வருஷம் தாங்காது. ஆனால் முடிந்த அன்றைக்கே நீயே சொல்லிவிட வேண்டும். நேரில். டைப் அடித்து அல்ல. நான் சொல்ல மாட்டேன், எனக்கு அண்ணி வேண்டும்.

அப்புறம், பாத்திரம் தேய்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். உனக்கு வேறு குடும்பம் இருக்குமோ என்கிற அளவுக்குச் சந்தேகம் போயிருக்கிறது.

நெஞ்செரிச்சலுக்கு நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புத் தங்கை


ஜூன் 17

அடிப்பாவி நாத்தனாருக்கு,

நீ நலமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! இல்லை, நலமாகவே இரு. அடுத்த முறை நேரில் பார்க்கும்போது காதைத் திருக எனக்கு ஆரோக்கியமான காது வேண்டும்.

பாஸ் பண்ணிவிட்டேன்!

நேற்றுத் தேர்வு. மையம் ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இடத்தை முந்தின நாளே உதவி மேசைக்குச் சொல்லியிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குள் ஒவ்வொருவராக உட்கார வைத்தார்கள். என் இருபக்கமும் என் வயதில் பாதி இருக்கிற பிள்ளைகள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, கூட்டிட்டு வந்தவங்க வெளியில உக்காரணும்" என்றாள். நான் எழுத வந்தவள்தான் என்றேன். "ஐயோ சாரி ஆன்ட்டி, ஆல் த பெஸ்ட்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நெட்வொர்க் கேள்வி வந்தது. சந்திப்பு சந்திப்பாக நடந்து போனேன். முடித்ததும் திரையிலேயே முடிவு வந்துவிட்டது. அங்கேயே ஒரு கூச்சல் போட்டேன், காவலாளி வந்து வெளியே கூட்டிப்போனார்.

கீழே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் காரியமாக உதவி மேசைக்கு எழுதினேன். உன் அண்ணனுக்குச் சொல்வதற்கு முன்னால், ஆமாம், ஒப்புக்கொள்கிறேன். "பாஸ். உங்களால்தான்" என்று. பதில் இல்லை. காத்திருந்தேன், அப்போதும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்ன மனுஷர், இன்றைக்குப் பார்த்து எங்கே போனார்?

அப்போது தெருக்கோடியிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். கழுத்தில் ஹெட்ஃபோன், அதன் வயர் பிடுங்கிய இடத்திலிருந்து வால் மாதிரி தொங்குகிறது. சட்டை முழுக்க வியர்வை. கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரர்! வீட்டில் யாருக்கு என்ன ஆச்சோ என்று எழுந்து நின்றேன். மூச்சு வாங்குகிறது, பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில், "பக்கத்து சீட்டு?" என்றார்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? சண்டை போட்டேன். நடுத்தெருவில். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நீங்க பொறுமை, கட்டினவளுக்கு மட்டும் கத்தலா? அவ்வளவு அருமையா சொல்லத் தெரிஞ்ச ஆளு, இத்தனை வருஷம் அதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

அவர் திருப்பிக் கத்தவில்லை. "உன் முன்னாடி வந்தா எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "நீ பார்த்துக்கிட்டே இருப்ப. நான் எப்ப தப்பு பண்ணுவேன்னு."

நான் அப்படியே விக்கித்துப்போனேன். இவர் என்னைக் கண்டு பயப்படுகிறாரா? நான் அல்லவா இவர் கத்தலுக்குப் பயந்து இத்தனை நாடகம் ஆடினேன்! சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, அந்தப் பெஞ்சிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். ஆபீஸில் சொல்லாமல் ஓடி வந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது என்னையும் கூட்டிப்போய் மேலாளர் முன்னால் நிறுத்தி, "சார், இதுதான் என் நெஞ்சு வலி" என்றார். மேலாளர் கைகொடுத்து வாழ்த்தினார். வேலைக்கு ஆபத்து இல்லை.

சாயங்காலம் ஸ்கூலுக்குப் போய் மேசையில் கிடந்த அந்தக் காகிதத்தை எடுத்து முதலாளி கையிலேயே கொடுத்தேன். "போட மாட்டீங்களா மேடம்?" என்றார். மாட்டேன் என்றேன். அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

நீ பிப்ரவரியிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறாய். எல்லாம் உன் அண்ணன் சொல்லிவிட்டார். இருமலாம் இருமல்! காது பத்திரம்.

கோபமே இல்லாத,
அண்ணி


ஜூலை 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா வா. பிள்ளைகள் இப்போதே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில். ஆசிரியர்கள் அறையில் நெட் வராவிட்டால், பரீட்சைத் தாள் அச்சாகாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உட்கார நல்ல நாற்காலி, நடக்க நீளமான வராந்தா. டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, "இப்படியே இருங்க மேடம்" என்றார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. போன செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டேன். புதிதாக ஒரு பிரிண்டர் வந்தது. எல்லா வகுப்பிலிருந்தும் அதற்கு அனுப்ப முடிய வேண்டும், ஒரு வகுப்பிலிருந்து மட்டும் போகிறது, மற்றதெல்லாம் காற்றில் கரைகிறது. என்னென்னவோ செய்தேன். முடியவில்லை. அந்த உதவி மேசை, படிப்பு முடிந்தவர்களுக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்தேன், சாப்பாட்டு மேசையில் உன் அண்ணன் முன்னால் லேப்டாப்பை வைத்தேன். "சொல்லிக்கொடுங்க" என்றேன்.

மனுஷர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது கூடவா..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிவிட்டார். பெரியவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு எங்களைத் தெரியும்.

"இருங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க சொல்லுங்க" என்றேன்.

கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. முதல்ல அந்தப் பிரிண்டர் எந்தத் தெருவில இருக்குன்னு பார்ப்போம்" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை! இத்தனை மாதம் வாசித்த குரல். முதலில் கொஞ்சம் நடுங்கியது, போகப்போகச் சரியாகிவிட்டது. நான் கேள்வி கேட்டேன், பதில் சொன்னார். மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னார், முதல் தடவை சொல்கிற மாதிரியே.

நடுவில் எப்போது கண்ணைத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் எல்லா வகுப்பிலிருந்தும் பிரிண்டர் ஓடியது. ரயில் எத்தனை மணிக்கு என்று எழுது, இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வருகிறோம்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அண்ணியும் அண்ணனும்